இயற்பியலில் நான்காம் ஆண்டைத் தொடரலாமா?

தில்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மூன்றாம் ஆண்டை முடிக்கும் உங்கள் மகள், பட்டத்தோடு வெளியேறுவதா, நான்காம் ஆண்டையும் படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வில் உண்மையான நாட்டம் இருந்தால் தொடரட்டும். சும்மா ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்வதற்காக வேண்டாம்.

2022இல் சேர்ந்த அணியிலிருந்து நடப்பில் உள்ள இந்த நான்காண்டுப் பட்ட ஏற்பாட்டில், ஏழாம், எட்டாம் செமஸ்டர்களில் தாள்களோடு ஆய்வேட்டையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆய்வேடு எளிதல்ல. எடுத்துக்காட்டாக, மெல்லிய படலம் ஒன்றின் மின்தடை வெப்பநிலைக்கேற்ப எப்படி மாறுகிறது என்று அளப்பது, கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், வெற்றிடக் கலத்தில் கசிவு, மின்கம்பியை ஒட்டவைத்தும் உரிந்துபோகும் வெள்ளிப் பசை, காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றுமாகக் காட்டும் அளவீடு என்று ஒரு செமஸ்டரையே விழுங்கிவிடும். அதனால் தலைப்பைவிட வழிகாட்டியே முக்கியம்: அவருடைய ஆய்வகத்தில் கருவிகள் இயங்குகின்றனவா, மாணவர்களுக்கு நேரம் ஒதுக்குகிறாரா என்று சீனியர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நேரடியாக முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். முதுகலை படிக்க விரும்பினால், ஓராண்டுப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்களில் அதிலேயே சேரலாம். மாறாக, ஐஐடியில் ஈராண்டு எம்.எஸ்சி.தான் குறி என்றால், அதற்கான நுழைவுத் தேர்வான ஜாமை மூன்றாம் ஆண்டிலேயே எழுதிவிடுவது நல்லது.