மகள் எலும்புக்குச் சாரம் கட்டப் போகிறாளாம்: ஒரு தாய்க்குப் பதில்

அக்கா, உங்கள் குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். மகள் ஓ.எல். எழுதி முடித்துவிட்டாள், நீங்கள் பயோ எடுத்து டொக்டராகச் சொல்கிறீர்கள், அவளோ ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு "கொம்பியூட்டரில எலும்புக்குச் சாரம் வடிவமைக்கப் போறன், மெத்ஸ்தான் எடுப்பன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இதற்குள் முப்பரிமாண வடிவமைப்புச் சான்றிதழ் வகுப்பு ஒன்றுக்குக் காசு கட்டவா என்றும் கேட்கிறீர்கள். கட்ட வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

அவள் சொல்வது விளையாட்டு இல்லை. சாரம் என்றால் உடுக்கிற சாரம் அல்ல, மேசன் ஏறி நின்று சுவர் பூசுகிற சாரம். விபத்தில் நொறுங்கியோ கட்டியை வெட்டி எடுத்தோ எலும்பில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் உடம்பு அதைத் தானாக நிரப்பிக்கொள்ளாது. அங்கே துளை நிறைந்த ஒரு துண்டை வைத்தால் கலங்கள் (செல்கள்) அதற்குள் புகுந்து, ஒட்டி, புது எலும்பைக் கட்டும். பொலிகப்ரோலக்ரோன் என்ற கரையும் பிளாஸ்டிக் மாதிரியான பொருளில் செய்தால் வேலை முடிய முடியச் சாரமும் மெல்ல உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும், அவிழ்க்க ஆள் தேவையில்லை.

வித்தை முழுவதும் துளையில்தான் இருக்கிறது. பிட்டுக் குழலில் மாவை இறுக்கி அடைத்தால் ஆவி ஏறாமல் நடு வேகாமல் கிடக்குமே, அதே கதைதான் இங்கும். இரத்தக் குழாயிலிருந்து ஒட்சிசன் 100, 200 மைக்ரோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றுதான் ஒரு மைக்ரோமீற்றர்) தூரம்தான் ஊறிச் செல்லும், அதற்கு அப்பால் இருக்கும் கலம் பட்டினி கிடந்து சாகும். ஆகவே குழாய்கள் உள்ளே வளர்ந்து வரும்படி துளைகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேண்டும், எலும்புக்கென்றால் 300 மைக்ரோமீற்றருக்கு மேல் இருந்தால் நல்லது. நம் கடற்கரை முருகைக்கல்லை உடைத்துப் பாருங்கள், அந்த வேலையைக் கடல் எப்போதோ செய்து வைத்திருக்கிறது. முருகைக்கல்லின் துளை அமைப்பைக் கெடுக்காமல் அதை எலும்பிலுள்ள கனிமமாகவே மாற்றும் முறை 1974இலேயே வெளிவந்துவிட்டது.

சரி, அப்படியானால் நிறையத் துளை போட்டால் முடிந்ததா? இல்லை. பாதி இடத்தைத் துளையாக்கினால் விறைப்பு, அதாவது பாரத்துக்கு வளைந்துகொடுக்காமல் நிற்கும் தன்மை, பாதியாகக் குறையாது, ஏறக்குறைய கால்வாசிக்கு இறங்கிவிடும். இந்த இழுபறியைத்தான் கணினியில் வைத்துப் பார்க்கிறார்கள். சீற்றி ஸ்கானிலிருந்து அந்த நோயாளியின் இடைவெளி வடிவத்தை எடுத்து, உள்ளே துளைக் கோலத்தை நிரப்பி, பாரம் ஏற்றினால் எங்கே உடையும் என்று கணக்கிட்டு, பிறகுதான் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடுவார்கள். கோலங்களில் இப்போது எல்லாரும் ஓடிப்போய்ப் பிடிப்பது கைரொயிட். 1970இல் நாசாவில் இருந்த அலன் ஷோன் விவரித்த வளைபரப்பு அது. சைன் எக்ஸ் தர கோஸ் வை, சைன் வை தர கோஸ் இசட், சைன் இசட் தர கோஸ் எக்ஸ், மூன்றையும் கூட்டினால் பூச்சியம்: ஏறத்தாழ அந்தப் பரப்பைத் தருவது இந்த ஒரு வரிதான். பூச்சியத்துக்குப் பதில் வேறொரு சிறிய எண்ணைப் போட்டால் துளையின் அளவு மாறும். உங்கள் மகள் ஏ.எல். இணைந்த கணிதத்தில் மாரடிக்கப் போகிற அதே சைனும் கோசும்தான்.

சான்றிதழ் வகுப்பு வேண்டாம் என்றது இதனால்தான். எந்தப் பொத்தானை எங்கே அமுக்குவது என்று அங்கே சொல்லித் தருவார்கள், மென்பொருள் இரண்டு வருடத்தில் மாறிவிடும். என்னிடம் வந்த ஒரு பெடியன் பெரிய தொகை கட்டி அப்படியொரு வகுப்பை முடித்தான். விறைப்பு என்றால் என்னவென்று கேட்டேன், முழித்தான்.

பிரிவு விஷயத்தில் நான் மகள் பக்கம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வடிவமைப்புத்தான் பிடிக்கிறது என்றால் கணிதப் பிரிவு, ஏனென்றால் பயோ எடுத்துவிட்டு இங்கே பொறியியல் பீடத்துக்குப் போக முடியாது. கலம் வளர்ப்பது, அதில் மருந்து சேர்ப்பது பிடிக்கிறது என்றால் பயோவே சரி, அந்த வாசலாலும் இதே துறைக்குள் வரலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியலும் பொருள் விஞ்ஞானப் பொறியியலும் இருக்கின்றன, ஆனால் முதலாவதில் இடம் குறைவு. கிடைக்காவிட்டால் பேராதனையில் இயந்திரப் பொறியியல் படித்தாலும், வீட்டுக்குக் கிட்ட, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போனாலும் அழத் தேவையில்லை, விறைப்பும் தகைப்பும் (பாரம் ஏறும்போது பொருளுக்குள் உண்டாகும் அழுத்தம்) எல்லா இடமும் ஒன்றுதான்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தச் சாரத்தை மட்டும் நம்பி இலங்கையில் வேலை தேடினால் அலைய வேண்டிவரும். இது பெரும்பாலும் முதுகலை, கலாநிதிப் பட்ட மட்டத்து ஆராய்ச்சி, அனேகமாக வெளிநாட்டில், நல்ல பெறுபேறு இருந்தால் உதவித்தொகையோடு. ஆனால் அதே கணக்கீடு செயற்கைக் கால், மூட்டு, இயந்திர உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் வேண்டும், அதனால் அவள் படித்தது வீணாகாது. முடிந்தால் அனுமதி கேட்டு, யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைச் செய்யும் நிலையத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். வீடியோவில் தெரியாதது அங்கே தெரியும்.

ஏ.எல். வகுப்பு தொடங்க முன் ஒரு சோதனை. பைதனும் பிளெண்டரும் ஸ்கான் படங்களைப் பிரிக்கும் த்ரீடி ஸ்லைசரும் இலவசம். அந்தக் கைரொயிட்டை அவளே வரைந்து, அதில் எத்தனை வீதம் துளை என்று கணக்கிட்டு, துளையைக் கூட்டிக் குறைத்து ஒரு அட்டவணை போடட்டும். படம் வந்தவுடன் அலுத்துவிட்டால் அவளுக்குப் பிடித்தது அழகுதான். அட்டவணையோடு மல்லுக்கட்டினால் மெத்ஸுக்கு விடுங்கள், அக்கா. வகுப்புக்கு ஒதுக்கிய காசில் லப்டொப்பின் ரம்மை 16 ஜிபியாக ஏற்றிக் கொடுங்கள், 8இல் இந்தக் கோலங்கள் இழுத்துப் பறிக்கும்.