சிரட்டையும் ட்ரம்பெட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கோயில் பேண்டில் பத்து ஆண்டுகளாக ட்ரம்பெட் வாசிக்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு வயலின், செல்லோ ஆகியவற்றையும் சேர்த்துச் சிறிய ஆர்கெஸ்ட்ராவாக வாசிக்க இருக்கிறோம். என் நோட்டில் இரண்டு இடங்களில் ‘கான் சோர்டினோ’ (மியூட் போட்டு வாசிக்கவும்) என்று எழுதியிருக்கிறது. ஒலியை மாற்ற ட்ரம்பெட்டின் முனையில் செருகும் அந்த மியூட் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் துணியைச் சுற்றி ட்ரம்பெட்டின் அகன்ற வாய்க்குள் செருகிப் பார்த்தேன். சத்தம் முழுவதும் அடைத்துப்போகிறது, கீழ்ச்சுரங்கள் எழும்பவே இல்லை. வீட்டில் செய்ததை ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பது முறையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முறைதான், அதில் உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். நீங்கள் எடுத்த பொருளிலும் பெரிய குற்றமில்லை. சுற்றிய துணிதான் குற்றம்.

கடையில் விற்கும் நேர் மியூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது உள்ளே வெறுமையான ஒரு கூம்பு என்பதும், அதன் குறுகிய முனை திறந்தும் அகன்ற முனை மூடியும் இருக்கிறது என்பதும், பக்கத்தில் மூன்று கார்க் பட்டைகள் மட்டும் ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதும் தெரியும். அந்தப் பட்டைகள் மியூட்டைத் தாங்கிப் பிடிக்கின்றன. பட்டைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத்தான் ஒலி வெளியே வருகிறது. நீங்கள் துணியால் அந்தச் சந்தை முழுவதும் அடைத்துவிட்டீர்கள். துணியை எடுத்துவிட்டு, மோட்டார் உதிரிபாகக் கடையில் கேஸ்கெட்டுக்காக விற்கும் கார்க் தாளை வாங்கி, மூன்று பட்டைகளாக நறுக்கிப் பாட்டிலின் தோள்பகுதியில் சம இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பட்டை தடிமனாக இருந்தால் மியூட் வெளியே தள்ளி நின்று ஒலி திறப்பாக இருக்கும். உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கத் தேய்க்க உள்ளே இறங்கி ஒலி ஒடுங்கும். அதிகம் தேய்த்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது என்பதால், தேய்க்கும்போதெல்லாம் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம்.

பாட்டிலின் இன்னொரு குறை அதன் மெல்லிய சுவர். உரத்து ஊதும்போது சுவரும் சேர்ந்து அதிர்ந்து, பிளந்த மூங்கிலைத் தட்டியதுபோல் ஒரு கரகரப்பைத் தரும். செய்தித்தாளைக் கிழித்துப் பசை தடவி நான்கைந்து அடுக்கு ஒட்டிக் காயவிட்டால் அந்தக் கரகரப்பு பெருமளவு அடங்கும். காகிதத்தைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. மேலை நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில் அட்டையால் செய்த மியூட்டுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அலுமினிய மியூட்டைவிட அவற்றின் ஒலி கனிவாக இருக்கிறது என்பது என் காதுக்குத் தெரிந்த உண்மை.

ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். மியூட் சத்தத்தைக் குறைப்பதற்கான மூடி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒலியின் அடிப்பகுதியை வடிகட்டி, மேல்பகுதியின் கூர்மையை விட்டுவைக்கிறது. அதனால்தான் ஒலி தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்கிறது. மார்கழி நள்ளிரவில் கீத பவனி இரண்டு தெரு தள்ளி வரும்போது பேண்டின் ஒலி எப்படி மெலிந்தும் தெளிவாகவும் காதில் விழுகிறதோ, அதே உணர்வை மேடையில் உட்கார்ந்தபடி தருவதற்காகத்தான் இசையமைப்பாளர்கள் மியூட் கேட்கிறார்கள். 1900இல் பாரிசில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட, பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபூசியின் ‘ஃபெத்’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசையின் நடுவில் ஓர் ஊர்வலம் தொலைவிலிருந்து நெருங்கி வருகிறது. அதைத் தொடங்கிவைப்பவை மியூட் போட்ட மூன்று ட்ரம்பெட்டுகள். ஒரு முறை அதைக் கேட்டுவிட்டு உங்கள் மியூட்டைத் தேய்க்க உட்காருங்கள். எந்த ஒலியைத் தேடுகிறீர்கள் என்பது தெளிவாகிவிடும்.

கேள்வி: என் மகன் மியூட் போட்டதும் சுருதி ஏறிவிடுகிறது. குறை அவன் ஊதுவதிலா, மியூட்டிலா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: மியூட்டில்தான், அம்மா; பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம். நேர் மியூட் பொதுவாகச் சுருதியைச் சற்றே ஏற்றும். முதன்மைச் சுருதிக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொண்டால் சரியாகிவிடும். மியூட்டை எடுத்தவுடன் மறவாமல் குழாயைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு நானூறு ஆண்டு வயதாகிறது. 1607இல் மாந்துவா நகரில் அரங்கேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் மொந்தேவெர்தியின் ‘ஓர்ஃபியோ’ இசைநாடகத்தின் தொடக்க இசைக்கு அவரே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: ட்ரம்பெட்டுகளை மியூட்டோடு வாசிப்பதானால், மற்றக் கருவிகள் ஒரு முழுச் சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டும். அந்தக் காலத்து மியூட், ட்ரம்பெட்டின் வாயை இறுக அடைக்கும், நடுவில் சிறு துளை மட்டுமே உள்ள மரக்கட்டை. அது சட்ஜத்தை ஒரு முழுச் சுரம் மேலே உள்ள சதுச்ருதி ரிஷபத்துக்கே கொண்டுபோய்விடும். படை சத்தமில்லாமல் பாசறையைக் கலைக்கவும், இறுதி ஊர்வலங்களிலும், வீட்டில் சாதகம் செய்யவும் அதைப் பயன்படுத்தினார்கள் என்று 1795இல் ஆல்ட்டென்பர்க் என்ற ட்ரம்பெட் கலைஞர் எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் ஊர் மண்பாண்டத்துக்குப் பேர்போனது. சிறு மண்கலயத்தை மியூட்டாகப் பயன்படுத்தலாமா? வேறு வீட்டுப் பொருள்கள் உண்டா?
– வாசகர், காருகுறிச்சி

பதில்: நாகசுரத்தில் அருணாசலம் அவர்கள் பெயர் விளங்கச் செய்த ஊரிலிருந்து ட்ரம்பெட்டைப் பற்றிக் கேள்வி வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனாலும் கலயம் வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் கனம் ட்ரம்பெட்டின் முனையைக் கீழே இழுக்கும். விளிம்பு பித்தளையைக் கீறும். மென்மையான பகுதியின் நடுவே நழுவி விழுந்து உடைந்தால் அந்தக் கச்சேரியை அதற்குப் பிறகு மீட்க முடியாது.

அதற்குப் பதிலாக அடுக்களையில் இருக்கும் சிரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் கழுவுதொட்டி அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கம்பு நீக்கிவிட்டு இடக்கையில் பிடித்து, ட்ரம்பெட்டின் வாயை மூடியும் திறந்தும் மனிதக் குரல்போல் பேசவைத்தார்கள். டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் வாசித்த பப்பர் மைலி அதில் தலைசிறந்தவர். அவருக்கு முன்பே கிங் ஆலிவர் கிண்ணம், கண்ணாடிக் குவளை, பாட்டில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மியூட்டாக்கினார். இந்த ஒலிகள் பிறகு ஆர்கெஸ்ட்ராவுக்கும் வந்தன. 1925இல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் எழுதிய பியானோ கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் ட்ரம்பெட் தனியாக வாசிக்கும் இடத்துக்குக் கம்பளித் தொப்பியின் குடுவையை மியூட்டாகக் கேட்டிருக்கிறார்.

ட்ரம்பெட்டின் வாய் சுமார் 12 செ.மீ. அகலம். நல்ல பெரிய தேங்காயின் கண்ணுள்ள பாதிச் சிரட்டை அதை ஏறக்குறைய மூடும். நார் போகச் சுரண்டி, விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி ஒட்டிவிடுங்கள். மூன்று கண்களில் மெல்லிய கண்ணைத் திறந்து விடுவது முக்கியம். முழுவதும் மூடும்போதும் அந்தத் துளை வழியாகக் காற்று போவதால் சுரம் திணறாது. ரப்பரைவிடச் சிரட்டை கெட்டியானது என்பதால் ஒலி கொஞ்சம் முரடாக வரும். உள்ளே பழைய கம்பளித் துணியை ஒட்டினால் அது இளகும்.

எதைச் செய்தாலும், வாசிக்கும் இடத்திலிருந்து அதை மதிப்பிடாதீர்கள். வாசிப்பவருக்குத் தன் மியூட் எப்போதும் நன்றாகவே கேட்கும். பழக்கமான ஒருவரைக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கீழ்ச்சுரங்கள் எழும்புகின்றனவா, வயலினோடு சுருதி சேர்கிறதா என்று கேளுங்கள். நோட்டில் மியூட் போடுவதற்கு எத்தனை ஓய்வு அளவுகள் (வாசிக்காமல் காத்திருக்கும் தாளக் கட்டங்கள்) இருக்கின்றன என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டே அளவுகள் இருந்தால், சிரட்டையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.