இன்னொரு தொட்டி போதுமா?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒரகடம் பக்கம். சுமார் 1,500 வீடுகள். 2 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியும் இரண்டு போர்வெல்லும் இருந்தும் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை. இப்போது 600 மனைகளோடு புது மனைப்பிரிவு வருகிறது. இன்னொரு தொட்டி கேட்டு மனு கொடுக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: மனு கொடுங்கள் அம்மா, கட்டாயம் கொடுங்கள். ஆனால் தொட்டி என்று எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் அளந்து பார்த்துவிடுவோம்.

முதலில் தலைக்கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்கள் ஊரில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ரேஷன் கார்டும் உதவாது. கம்பெனி வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு உங்கள் ஊரில் கார்டு இருக்காது. வீட்டு ஈ.பி. மீட்டர்களை எண்ணுங்கள். வீட்டுக்கு 4 பேர் என்று வையுங்கள். வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஒரே மீட்டரில் பத்துப் பேர்கூட இருப்பார்கள், அங்கே மட்டும் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

1,500 வீட்டுக்கு 6,000 பேர். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஆக 3,30,000 லிட்டர். புது மனைகளில் வீடு எழும்பினால் இன்னொரு 1,32,000. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். உங்கள் பக்கம் வளர்கிற வேகத்துக்கு அந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இது தேவை. இருப்பு எவ்வளவு? தொட்டியில் எழுதியிருக்கும் 2 லட்சத்தை மட்டும் பார்க்காதீர்கள். தொட்டி ஆபரேட்டரிடம், தெருவுக்குத் தண்ணீர் விடும் வால்வை மூடிவிட்டு மோட்டார் போட்டால் காலித் தொட்டி நிறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேளுங்கள். 2 லட்சத்தை அந்த மணி நேரத்தால் வகுத்தால் போர்வெல் மணிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு பேச்சுக்கு, இரண்டு போர்வெல்லும் சேர்ந்து மணிக்கு 24,000 லிட்டர் தருகிறது என்றால், 3,30,000 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். மே மாதம் ஊற்று பாதியாகக் குறைந்தால் இருபத்தேழரை மணி நேரம். நாளுக்கு இருப்பதோ 24 மணி நேரம். அப்போது எத்தனை தொட்டி கட்டினாலும் எதை ஊற்றி நிரப்புவது?

குடிநீர்ப் பணியில் இருந்தபோது இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு ஊரில் டிசம்பர் மாதம், ஏரி நிரம்பிக் கிடந்த நேரத்தில், போர்வெல்லை அளந்து கணக்கெழுதினேன். தொட்டியும் வந்தது. அடுத்த மே மாதம் அந்தத் தொட்டியின் அடியிலேயே பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன், ஏப்ரல் கடைசியில் அளந்து பாருங்கள்.

அப்புறம் ஒரு குடத்தோடு காலை ஆறரை மணிக்கு, எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும்போது, முதல் தெருவிலும் கடைசித் தெருவிலும் பிடித்துப் பாருங்கள். 15 லிட்டர் குடம் முதல் தெருவில் ஒரு நிமிடத்தில் நிறைந்து, கடைசித் தெருவில் ஐந்து நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் வருகிறது. தொட்டி நிறைந்திருக்கும் நாளிலும் இப்படியே இருந்தால் குறை குழாயில்தான். பழைய தெருக்களுக்குப் போட்ட குழாயின் நுனியிலேயே புதுத் தெருக்களையும் ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். குழாயை 30 வருஷத்துக்கும், மோட்டாரையும் தொட்டியையும் 15 வருஷத்துக்கும் கணக்கிட்டுப் போடுவதுதான் முறை. மனைப்பிரிவு வருவதற்கு முன்பே பெரிய குழாய் கேட்டுவிடுங்கள், சாலை போட்ட பிறகு தோண்டுவது பெரும்பாடு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனைப்பிரிவு வந்தால் பள்ளியிலும் இடம் போதுமா என்ற கேள்வி வரும்; அதற்கும் எண்ணிப் பார்க்கும் இதே வழிதான். அங்கன்வாடிப் பதிவேட்டில் மூன்று வயதுக் குழந்தைகளை எண்ணினால் இன்னும் இரண்டு வருஷத்தில் ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரிந்துவிடும். தொடக்கப் பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.

மே 1 கிராம சபையில் தண்ணீருக்கான இந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: தலைக்கணக்கு, ஏப்ரலில் தொட்டி நிறைந்த நேரம், கடைசித் தெருவில் குடம் நிறைந்த நேரம். தீர்மானப் புத்தகத்தில் அந்த எண்கள் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.