ஒதுக்குப்புறம் யாருக்கு?

கேள்வி: அடர்ந்த காட்டுக்கு நடுவே ஒதுக்குப்புறமான ஒரு கிராமம். பாழடைந்த மாளிகை, பௌர்ணமி இரவுகளில் காணாமல் போகும் ஆட்கள், நகரத்திலிருந்து வந்து மர்மத்தை உடைக்கும் டாக்டர் என்று ஒரு நாவல் படித்தேன். முக்கால்வாசி வரை முதுகு சில்லிட்டது. கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிச் சப்பென்று முடித்துவிட்டார். அமானுஷ்யக் கதைக்கு விளக்கம் தேவையா? விஞ்ஞான யுகத்தில் இப்படிப்பட்ட கதைகளே தேவையா?

பதில்: விளக்கத்துக்கு அப்புறம் வருகிறேன். கேள்வியின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஒதுக்குப்புறமான கிராமம் என்கிறீர்களே, யாருக்கு ஒதுக்குப்புறம்? அந்த ஊரில் பிறந்து, அந்தக் காட்டிலேயே விறகு பொறுக்கி, அங்கேயே கிழவியாகிப்போனவளுக்கு அதுதான் உலகத்தின் நடு. டாக்டர் புறப்பட்டு வந்த நகரம்தான் அவளுக்கு எங்கோ இருக்கிறது. உங்கள் நாவலாசிரியர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்த்திருக்கிறார். கடைசி வரை இறங்கவே இல்லை. கதை சப்பென்று முடிந்ததற்குக் காரணம் கடைசி அத்தியாயம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முதல் அத்தியாயத்திலேயே கெட்டுவிட்டது என்பேன்.

இந்த வகை நாவல்களில் கிராமத்து ஜனங்களுக்குக் கிடைக்கும் வேலையைக் கவனித்திருப்பீர்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். ‘அந்தப் பக்கம் போகாதீங்க’ என்பார்கள். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முந்நூறு பக்கத்துக்கு இதையே செய்துவிட்டுக் கடைசியில் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, மூன்று நாள் முன்னால் வந்தவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாத கோபம் இது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வை எடுத்து முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். 1897-ல் வந்த புத்தகம். ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் ஒரு வீட்டுப் பத்திர வேலையாக இங்கிலாந்திலிருந்து, இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். டைரியை எப்படித் தொடங்குகிறான் தெரியுமா? வியன்னாவுக்கு 6.46-க்கு வரவேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று. நகரத்து மனிதனை ஒரே வரியில் காட்டியாகிவிட்டது. பிறகு, அவன் தங்கிய விடுதியில் ஒரு கிழவி வந்து ‘இன்று என்ன நாள் தெரியுமா?’ என்று கேட்கிறாள். மே 4 என்கிறான். தேதி எனக்கும் தெரியும், என்ன நாள் என்று தெரியுமா என்று திரும்பக் கேட்கிறாள். புனித ஜார்ஜ் திருநாளுக்கு முந்தின இரவு அது. நடுநிசி அடித்தால் கெட்டதெல்லாம் வெளியே வரும் என்கிறாள். மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. தன் கழுத்தில் கிடந்த சிலுவை மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு அனுப்புகிறாள். விக்கிரக வழிபாடு தப்பு என்று தன் சபையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே என்று அவனுக்குச் சங்கடம். வயசானவள் மனசு நோகக்கூடாதே என்று வாங்கிக்கொள்கிறான்.

அடுத்த அத்தியாயத்தில், ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் கோட்டையில், முகச்சவரம் செய்யும்போது கத்தி பட்டு ரத்தம் வருகிறது. பிரபு அவன் தொண்டையைப் பிடிக்கப் பாய்கிறார். விரல் அந்த மாலையில் படுகிறது. ஆவேசம் அப்படியே அடங்கிவிடுகிறது. கிழவி சொன்னது சரி. நிஜம் தெரிந்தவள் அவள், மூடநம்பிக்கை என்று நினைத்தவன் படித்தவன். நமக்கு வருகிற பயம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஸ்டோக்கர் கிராமத்தை நம்பினார். உங்கள் நாவலாசிரியர் நம்பவில்லை.

ஸ்டோக்கர் அங்கே போய்ப் பார்த்து எழுதினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டிரான்சில்வேனியாவில் அவர் கால் வைத்ததே இல்லை. ராணுவ அதிகாரியான கணவரோடு அங்கே வாழ்ந்த எமிலி ஜெரார்ட் என்ற எழுத்தாளர், அந்த மக்களின் நம்பிக்கைகளைப் பற்றி 1885-ல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஸ்டோக்கர் அதை வரி வரியாகப் படித்துக் குறிப்பெடுத்தார். புனித ஜார்ஜ் இரவு அங்கிருந்து வந்ததுதான். அதனால் ‘காட்டுக்குப் போக வசதியில்லை, சார்’ என்று கையெழுத்துப் பிரதியோடு கடிதம் வைப்பவர்களுக்கு என் பதில்: போகாவிட்டால் பரவாயில்லை, படியுங்கள்.

ஏனென்றால் காடே தெரியாமல் எழுதுகிறார்கள். எனக்கு வரும் பேய்க்கதைகளில் பத்துக்கு எட்டில் ‘நள்ளிரவு. காட்டில் மயான அமைதி’ என்று இருக்கிறது. காட்டில் ராத்திரி அமைதியாகவா இருக்கும்? பூச்சிகளும் தவளைகளும் சேர்ந்து காதைக் கிழிக்கும். அந்தச் சத்தம் சட்டென்று நிற்கிறதே, அப்போதுதான் காட்டு மனிதன் காலை எடுத்து வைக்காமல் நிற்பான். எதுவோ நடமாடுகிறது என்று அர்த்தம். இது தெரிந்த எழுத்தாளருக்கு ‘திடீரென்று’ என்ற வார்த்தையே வேண்டாம். மூன்று புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும் வேண்டவே வேண்டாம். (ஆச்சரியக்குறிகளோடு எனக்குள்ள பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அடித்துவிடுவேன்.)

ஆந்தையையும் அப்படித்தான் வீணாக்குகிறார்கள். அலற மட்டும் விடுகிறார்கள். ஆந்தையிடம் பயப்பட வேண்டியது அதன் மௌனம். கூகை ஆந்தையின் சிறகு முன்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஒரு அமைப்பு உண்டு. பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மயிர். மூன்றும் சேர்ந்து காற்றின் இரைச்சலை அடக்கிவிடும். அத்தனை பெரிய பறவை தலைக்கு மேலே போயிருக்கும், காதுக்கு ஒன்றுமே எட்டியிருக்காது. போன பிறகு முகத்தில் காற்று பட்டதோ என்று ஒரு சந்தேகம் மட்டும். எந்த நாவலிலாவது இதைப் படித்திருக்கிறீர்களா?

இன்னொன்று. ராத்திரியில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது சத்தம் மேலே தப்பிப் போகாமல் கீழ்நோக்கி வளையும். பகலில் காதில் விழாத தூரத்துப் பேச்சுக்குரல் ராத்திரியில் பக்கத்தில் பேசுகிற மாதிரி கேட்கும். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் ஒரு பெண் அழுகிறாள், இங்கே திண்ணைக்குக் கீழே அழுவது போல இருக்கிறது. இதை வைத்துக்கொண்டே ஒரு கொலையை எழுதலாம். யாராவது எழுதியனுப்புங்கள், போடுகிறேன்.

இனி விளக்கம். இந்தச் சண்டை உங்களுக்கும் எனக்கும் முந்தியது. பழைய கோட்டையும் திகிலும் கலந்த கோதிக் நாவலைத் தொடங்கிவைத்த ஹொரேஸ் வால்போல் 1764-ல் தன் கதையின் ஆரம்பத்திலேயே கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேல் ஒரு ராட்சசத் தலைக்கவசத்தை விழச்செய்து கொன்றார். எங்கிருந்து விழுந்தது என்று அறிவியல் விளக்கம் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து 1794-ல் ஆன் ராட்க்ளிஃப் வந்தார். அவர் நாவலில் கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்த கதாநாயகி மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பதை நூற்றுக்கணக்கான பக்கங்கள் கழித்துத்தான் சொல்கிறார்: மெழுகுப் பொம்மை. இப்படி விளக்கம் சொல்லி வாசகனை ஏமாற்றாதீர்கள் என்று பெரிய நாவலாசிரியரான வால்டர் ஸ்காட்டே குறைப்பட்டுக்கொண்டார். நான் ஸ்காட் கட்சி. என் நெடுநாளைய விமரிசக நண்பர் ராட்க்ளிஃப் கட்சி. பேயை அவிழ்த்துக் காட்டாத எழுத்தாளன் சோம்பேறி என்று இன்னமும் வாதாடுகிறார்.

அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மர்ம நாவல் என்று பெயர் வைத்தால் மனிதர்கள் செய்ததற்கெல்லாம் கணக்குக் காட்டியாக வேண்டும். யார் கொன்றது, சாவி யாரிடம் இருந்தது, அன்று ராத்திரி நாய் ஏன் குரைக்கவில்லை, எல்லாவற்றுக்கும். அதில் ஒரு ஓட்டை இருந்தாலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. காட்டில் இருப்பதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

கானன் டாய்லின் ‘பாஸ்கர்வில் வேட்டை நாய்’ 1901-02-ல் பத்திரிகைத் தொடராக வந்தது. அதில் எல்லாவற்றையும் ஹோம்ஸ் விளக்கிவிடுகிறார். நாயின் வாயில் நெருப்பு எரிந்தது பாஸ்பரஸ் பூசியதால் என்கிறார். வெள்ளை பாஸ்பரஸ் கொடிய விஷம், காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும், தோலையும் சுட்டுப் பொசுக்கும். எந்த நாய் அதை முகத்தில் தாங்கிக்கொண்டு ஓடும்? பேய் நாய் என்றே விட்டிருந்தால் இதைவிட நம்பும்படி இருந்திருக்கும். மழைக்காலக் காட்டில் மக்கிய மரத்தில் வளரும் சில காளான்கள் தாமே பச்சையாக ஒளிவிடும். டாய்லுக்கு ஒளி வேண்டுமானால் காடே கொடுத்திருக்கும். ஆனாலும் அந்தக் கதையில் ஒன்றை அவர் சரியாகச் செய்தார். கொலைகாரன் சதுப்பு நிலத்துக்குள் ஓடுகிறான். உடல் கிடைக்கவே இல்லை. புதைந்து போயிருப்பான் என்று ஊகம்தான். அத்தனை விளக்கம் சொன்ன ஹோம்ஸிடம் அந்தச் சேறு ஒருவனைத் திருப்பித் தரவில்லை. நாவலை இன்றும் பேச வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

விஞ்ஞான யுகத்தில் தேவையா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மறுபடி ‘டிராகுலா’வையே பாருங்கள். தட்டச்சு, தந்தி, சுருக்கெழுத்து, குரலைப் பதியும் போனோகிராஃப் என்று அன்றைய நவீனம் அத்தனையும் அதில் இருக்கிறது. டிராகுலாவிடம் ரத்தத்தைப் பறிகொடுத்த லூசி என்ற இளம்பெண்ணைக் காப்பாற்ற டாக்டர்கள் ரத்தம் ஏற்றுகிறார்கள். நான்கு ஆண்களின் ரத்தம், அடுத்தடுத்து. கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்து எழுதியதோ 1901-ல், நாவல் வந்து நான்கு வருஷம் கழித்து. யார் ரத்தம் யாருக்குச் சேரும் என்று அந்த டாக்டர்கள் யாருக்கும் தெரியாது. நவீன மருத்துவம் என்று நம்பி ஏற்றினார்கள். லூசி பிழைக்கவில்லை. ரத்தம் குடித்தவனை மட்டும் குற்றம் சொல்லலாமா என்று ஒரு டாக்டர் வாசகர் எனக்கு எழுதினால் தேவலை.