கெணத்து நீச்சல் பவளச் சுவத்துக்குப் பத்துமாங்க?

கேள்வி: அண்ணா, 7 வயசுல லாரி டியூப்போட கெணத்துல எறக்கி விட்டாங்க, இப்ப 30 அடித் தண்ணியில முங்கி அடிமண்ணு எடுத்துட்டு வருவேன். ஸ்கூபாவுல (முதுகுல காத்து டேங்கைக் கட்டிட்டு முங்கறது) ஓப்பன் வாட்டர்ங்கற மொதப் படி கார்டும் வாங்கியாச்சு. பாலி தீவுல துலாம்பென்கற ஊர்ல கரையிலிருந்தே எறங்கி, கடலுக்குள்ள செங்குத்தா எறங்கற பவளச் சுவர் பாக்கலாமாம். 40 மீட்டர் வரைக்கும் போயிட்டு வந்துரலாமுங்களா?
- பல்லடம் வாசகர்

பதில்: அடிமண்ணு எடுக்கற ஆளுங்கறதுதான் தம்பி எனக்கு வெசனமே. கெணத்துல மூச்சை எவ்வளவு நேரம் புடிக்கறமோ அவ்வளவு கெட்டிக்காரன், ஆனா டேங்க் காத்தை இழுத்துட்டு அந்தப் பழக்கத்துல மூச்சைக் கட்டிக்கிட்டு 10 மீட்டர்லருந்து மேல வந்தீங்கன்னா உள்ள இருக்கற காத்து ரெண்டு மடங்கா விரியும், நுரையீரல் கிழிஞ்சு போயிரும். விடாம மூச்சு உட்டுட்டே இருக்கோணும்.

உங்க கார்டுக்கு 18 மீட்டர்தான் கணக்கு. 40ங்கறது பொழுதுபோக்கு டைவிங்குக்கே கடைசி எல்லை, அதுக்குத் தனியா படிக்கோணும். கெணத்துக்கு அடின்னு ஒண்ணு இருக்குது, கால் தட்டுனா நின்னுக்கலாம், சுவத்துல கீழ பாத்தா வெறும் கருநீலம்தான், எறங்குறதே தெரியாது. எறங்க எறங்க வெட்சூட் (குளிருக்குப் போடற ரப்பர் உடுப்பு) அமுங்கி மிதப்பு கொறையும், இன்னும் வேகமா எறங்குவீங்க. நானே ஒருக்கா விசிறிப் பவளத்துல நகத்தளவு கடல்குதிரையை டார்ச் அடிச்சு (டார்ச் இல்லாட்டி அந்த ஆழத்துல செவப்பெல்லாம் சாம்பலாத்தான் தெரியும்) வாயப் பொளக்காத கொறையா பாத்துட்டே இருந்தவன், கையில கட்டியிருந்த ஆழம் காட்டற டைவ் கம்ப்யூட்டரைப் பாத்தா 29 மீட்டர்! போட்ட திட்டம் 20. 30 மீட்டர்ல அழுத்தம் 4 மடங்கு, காத்தும் 4 மடங்கு வேகமா தீரும், அந்த ஆழத்துல டேங்க் காத்துல இருக்கற நைட்ரஜனே தலைக்கேறும், அந்தப் போதையில அது உறைக்கவும் உறைக்காது.

கரையெல்லாம் உருண்டைக் கறுப்புக் கல்லுங்க. அங்கத்துப் பொம்பளைங்க டேங்கைத் தலையில வெச்சுட்டு சர்வசாதாரணமா நடப்பாங்க, நாமதான் தடுமாறி உழுவோம். இடுப்பளவு தண்ணிக்குப் போயி கால்ல ஃபின் (நீச்சல் துடுப்பு) மாட்டுங்க. படகு வந்து ஏத்திக்காது, நீந்தித்தான் திரும்போணும், அதனால பாதி காத்து தீர்றதுக்கு முன்னாடியே திரும்பி, சுவத்தை ஒட்டியே மெதுவா மேல ஏறி, ஒடம்புல சேந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டர்ல 3 நிமிசம் நில்லுங்க. பவளமும் மீனும் வெளிச்சம் இருக்கற மேல்பக்கந்தான் ஜாஸ்தி, 18க்குள்ளயே கண்ணு நெறஞ்சிரும்.

கேள்வி: ராமேஸ்வரத்துல டைவ் பண்ணிட்டு அப்படியே ஊட்டிக்குக் கார்ல போலாமா?
- அவிநாசி வாசகி

பதில்: வேண்டாங்க அம்மணி. ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம், டைவ்ல ஒடம்புல சேந்து மிச்சமிருக்கற நைட்ரஜனுக்கு அது ஃப்ளைட் ஏறுன மாதிரிதான், அழுத்தம் கொறைஞ்சா குமிழாயிரும். ஒரு டைவ்னா 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேல டைவ் பண்ணியிருந்தா 18 மணி நேரம் கழியட்டும். மேட்டுப்பாளையத்துல ஒரம்பரை ஊடு ஏதாச்சும் இருந்தா ராத்திரி தங்கிட்டு, மறுநா மலை ஏறுங்க.