கிளியூர் அருவிக்கு இறங்கினால் மறுநாள் தொடை ஏன் வலிக்கிறது?

ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறிய பலரும் கேட்பது இது. மூச்சு வாங்கியது என்னவோ ஏறும்போதுதான், ஆனால் மறுநாள் தொடையைப் படுத்துவது பெரும்பாலும் இறக்கம்.

எலும்போடு ஒட்டி, நாம் நினைத்தபடி அசைவது எலும்புத்தசை. முடி அளவு மெல்லிய இழைகளின் கட்டு அது. ஒவ்வொரு இழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல அடுக்கியிருக்கும். நரம்பின் கட்டளை வந்ததும் உள்ளே கால்சியம் வெளிப்படும், உடனே மயோசினின் குட்டித் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுத்து, விட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கும். கிணற்றில் கை மாற்றி மாற்றிக் கயிறு இழுப்போமே, அதேதான். கயிறு சுருங்குவதில்லை அல்லவா? இங்கேயும் நூல்களின் நீளம் மாறாது, ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதால் தசை குறுகுகிறது. 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே சொன்ன விளக்கம் இது. பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும், அது தீர்ந்துபோவதால்தான் இறந்த உடல் விறைக்கிறது!

சரி, இறக்கத்தில் என்ன ஆகிறது? முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்திருக்கும்போதே உடல் எடை அதை நீட்டுகிறது. அந்த இழுபறியில் இழைகள் நுண்ணிய அளவில் சிதைகின்றன, அவை ஆறும் நாள்களில் வலி.

தசை கடுமையாக உழைக்கும்போது அதில் உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதால்தான் இந்த வலி என்பார்கள். அது ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமில்லை.