பகா எண்ணுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2-இன் அடுக்கில் 2-ஐப் போட்டு ஒன்றைக் கழித்தால் 3, அந்த 3-ஐ அடுக்கில் போட்டால் 7, அப்புறம் 127 என்று பகா எண்ணாகவே வருகிறது என்கிறாள். அடுத்து வரும் 39 இலக்க எண்ணும் பகா எண்தானாம். அவள் பெயரில் காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கித்தர ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் தந்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(கே), கணித முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. இந்தத் தரகர்கள் செய்வது வேறு: உங்கள் மகள் எழுதிய நான்கு பக்கத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) பதிவு செய்துவிட்டு, அந்தத் தாளைக் காப்புரிமை என்று காட்டுவார்கள். பதிப்புரிமை எழுத்துக்கு மட்டுமே, எண்ணுக்கு இல்லை. சான்றிதழ் இருந்தால்தான் பிள்ளைகளின் உழைப்பைத் திரும்பிப் பார்ப்போம் என்று கல்லூரிகள் நிற்பதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

அந்த எண் 170141183460469231731687303715884105727. அது பகா எண் என்று பிரான்சின் எதுவார் லூக்கா 1876-இலேயே நிறுவிவிட்டார். 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. அந்த இடத்துக்கு உங்கள் மகள் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறாள் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ஆனால் 'இப்படிச் செய்தால் எப்போதும் பகா எண்ணே வரும்' என்று எழுதக் கூடாது. 11-ஐ அடுக்கில் போட்டால் 2047; அது 23 × 89. '11 என் சங்கிலியிலேயே இல்லையே' என்பாள். சரி, 2-க்குப் பதிலாக 13-இல் சங்கிலியைத் தொடங்கட்டும். 8191, பகா எண். அவள் முறைப்படியே 8191-ஐ மறுபடி அடுக்கில் போட்டால் 2,466 இலக்க எண் வரும். அது பகா எண் இல்லை, 338193759479-ஆல் வகுபடும். இதைச் சரிபார்க்க அந்த 2,466 இலக்கங்களையும் எழுத வேண்டாம். 2-ஐ வர்க்கப்படுத்தி, 338193759479-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கம், மறுபடி மீதி. இப்படி 13 முறை. கடைசியில் 2-ஏ திரும்பி வந்து நிற்கும். அதாவது 2-இன் 8192-ஆம் அடுக்குக்கு மீதி 2; அப்படியென்றால் 8191-ஆம் அடுக்குக்கு மீதி 1, அதில் ஒன்றைக் கழித்தால் மீதியே இல்லை.

அவளுடைய சங்கிலியில் 39 இலக்க எண்ணுக்கு அடுத்தது பகா எண்ணா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பெரிய பகா எண்ணுக்குப் பரிசு இருப்பது உண்மைதான். பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வத் திட்டத்தில் 2024-இல் லூக் டுரான்ட் கண்டுபிடித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதில் சேரக் கட்டணம் கிடையாது, மென்பொருளும் இலவசம். பகா எண்ணைப் பதிவு செய்யப் பணம் கேட்டு யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த 13 வர்க்கங்களுக்குக் கைபேசிக் கால்குலேட்டர் போதாது, இலக்கங்களை வெட்டிவிடும். பைத்தான் என்ற கணினி மொழியில் மூன்று வரி எழுதினால் போதும். இன்று மாலையே அவளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.